பத்தியத்தில் ஏறிய கொழுப்பு

அக்காவுக்கு என் ஈரலில் ஒரு துண்டு கொடுக்கப் போன இடத்தில், எனக்குக் கொழுப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் சொன்ன வாக்கியமே அதுதான்: "லிவர் மே சர்பி ஹை." சர்பி என்றால் கொழுப்பு. தில்லியில் ஆட்டோக்காரரும் ஸ்கூட்டர்க்காரரும் சிக்னலில் உரசிக்கொண்டால் முதலில் வருகிற வார்த்தையும் இதுதான். சர்பி சட் கயி ஹை க்யா, கொழுப்பு ஏறிப்போச்சா என்று கேட்பார்கள். உடம்பில் சேர்கிற கொழுப்புக்கும் நாக்கில் ஏறுகிற திமிருக்கும் தமிழிலும் இந்தியிலும் ஒரே சொல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா சின்ன வயதிலிருந்து என்னை அந்தச் சொல்லால்தான் திட்டிவந்தாள். "ஒனக்குக் கொழுப்புல. ஒரு எடத்துல உக்காருதியா நீ?"

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் கதவருகே நின்றுகொண்டு அடுத்த நிலையத்தின் பெயரை முணுமுணுப்பேன். நொய்டாவில் கணக்கு வேலை பார்க்கிறேன். அங்கே என் நாற்காலிதான் அதிகம் காலியாக இருக்கும். போன் பேசினால் நடந்துகொண்டே பேசுவேன். கோபமும் அப்படியே, வந்தால் நின்றுகொண்டே வரும். இவ்வளவு ஓடுகிறவனுக்கு எங்கிருந்து கொழுப்பு என்று அந்த டாக்டரிடமே கேட்டேன். அவர் என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார்.

போன வருஷத் தீபாவளிக்குப் பிறகு அக்காவின் வயிற்றில் தண்ணீர் கட்டத் தொடங்கியது. முதலில் உடம்பு போட்டிருக்கிறது என்றுதான் நினைத்தோம். பிறகு முகம் வற்றி வயிறு மட்டும் தனியாக முன்னே வந்தபோது பயந்துபோனோம். பல வருஷமாக ஈரலில் சேர்ந்த கொழுப்பு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கி, இப்போது வேலை செய்யவிடாமல் ஆக்கிவிட்டது என்றார்கள். மாற்று ஈரல் வைப்பதைத் தவிர வழியில்லை. ஊரிலிருந்து போன் செய்த சொந்தக்காரர்கள் யாரும் இதை நம்பவில்லை. ஈரல் கெட்டால் குடி என்றுதான் அவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை குடிப்பாரோ என்று ஒருவர் ரகசியமாகக் கேட்டார். அத்தான் குடித்தால் அக்காவின் ஈரல் எப்படிக் கெடும் என்று திருப்பிக் கேட்டேன். அதானே, என்று அவரும் யோசித்தார்.

அக்கா குடிப்பதெல்லாம் டீதான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அத்தானுக்கு வீடு. அந்த அடுக்குமாடியின் சாயங்காலங்களில் பக்கத்து வீட்டு மாமிகளோடு டீயும் பிஸ்கட்டும் ஓடும். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டாள். பழச்சாறும் கற்கண்டு போட்ட பாலும்தான். பல வருஷம் முன்னால் பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனிலேயே ஈரலில் லேசாகக் கொழுப்பு இருப்பதாக எழுதியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "எக்கா, எனக்குக் கொழுப்புன்னு ஊரெல்லாம் சொன்னியே, இப்ப டாக்டரே ஒனக்குத்தான்னு எழுதிக் குடுத்துட்டாரு," என்றேன். அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சொல் சிரிப்பு மூட்டாமல் இருந்திருந்தால் எங்களில் யாராவது அன்றைக்குப் பயந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தானுக்குச் சர்க்கரை வியாதி. ரத்த வகையும் சேரவில்லை. மிச்சம் இருந்தது நானும் அக்காவின் மகளும். அவள் கல்லூரியில் படிக்கிறாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழைப் பேசுவாள், படிக்க வராது. அக்கா டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள், எங்களை வைத்துக்கொண்டே. "எந் தம்பி ஒத்து வந்தா பாப்போம். இல்லன்னா விட்டுருங்க. எம் பிள்ள வயித்தக் கீறி எனக்கு ஒண்ணும் வேண்டாம்." டாக்டருக்குப் புரியவில்லை. மகள்தான் தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் மொழிபெயர்த்தாள்.

ஆக, என் ஈரல்தான் எல்லாம். அந்த ஈரலில் சர்பி.

கொழுப்பு ஏறிய ஈரலை வெட்டிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் ஆபத்து, கொடுக்கிறவருக்கும் ஆபத்து என்றார் டாக்டர். குறைத்துக்கொண்டு வாருங்கள், ஒன்றரை மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, கதவுக்கு வெளியே கூட்டம் நின்ற அவசரத்தில், இந்தியில் நாலே வார்த்தை. எண்ணெய் பந்த், நெய் பந்த், மீட்டா பந்த், தினமும் நட. மீட்டா என்றால் இனிப்பு. பந்த் என்றால் நிறுத்து. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் இடுப்பில் முந்தானையைச் செருகினாள். அவளுக்குப் பள்ளிக்கூட வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் காமாலை என்றால் வீட்டுக்கு வீடு சட்டம் தெரியும். எண்ணெய் வாசனையே ஆகாது. தாளிக்கக் கூடாது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்க வேண்டும். கரும்புச்சாறு, இளநீர், குளுக்கோஸ். "ஈரலுக்கு இத விட்டா வேற என்ன இருக்கு? டாக்டரும் அதத்தான சொல்லியிருக்காரு, எண்ணெய் நெய் கூடாதுன்னு," என்றாள்.

அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் யோசனை கேட்டோம். பராத்தாவில் வெண்ணெய் உருகாமல் அவர் வீட்டில் பொழுது விடியாது. அவரும் அதையே சொன்னார். ஈரல் என்றால் எண்ணெய் பந்த், கரும்புச்சாறு, முள்ளங்கி. இட்லியிலும் சப்பாத்தியிலும் ஒத்துப்போகாத வடக்கும் தெற்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

பத்தியம் ஆரம்பமானது. காய்ந்த கல்லில் தோசை. தாளிக்காத சட்னி. நெய் ஜாடி பரண்மேல் போனது. மிட்டாய்க் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. லட்டு, பர்பி, குலாப் ஜாமுன் எல்லாவற்றையும் கைகழுவினேன். மீட்டா என்றால் எனக்கு அவைதான், அட்டைப் பெட்டியில் வருகிறவை. காலையில் கீழாநெல்லி மோர், பிறகு வெந்நீரில் தேன் எலுமிச்சை. பதினொரு மணிக்கு ஆபீஸ் வாசலில் மாதுளைச் சாறு. எண்ணெயில்லாத சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று கடைசியில் ஒரு துண்டு வெல்லம். வெயில் ஏற ஏறக் குளுக்கோஸ். பசி தாங்காத நேரத்தில் டீயும் ரஸ்க்கும். ரஸ்க்கில் எண்ணெய் ஏது?

சாயங்காலம் கரும்புச்சாறு. மயூர் விஹாரில் எங்கள் காலனி கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி நிற்கும். பிழிகிற சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள். சுற்றச் சுற்ற ஜல் ஜல் என்று சத்தம் வரும். புதினா, எலுமிச்சை, கறுப்பு உப்புப் போட்டு நீட்டுவார். நடைப்பயிற்சி முடித்து வேர்க்க வேர்க்க வந்து, மருந்து குடிக்கிற பக்தியோடு இரண்டு தம்ளர் குடிப்பேன். மூன்றாவதையும் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு மடக்கும் அக்காவுக்காக என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்துக்கொண்டு குடித்தது உண்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிங்க் லைன் மெட்ரோவில் ஏறி கிட்வாய் நகர் போவேன். அக்கா சோபாவில் சாய்ந்திருப்பாள். கண்ணின் வெள்ளை பழுத்துக்கொண்டே வந்தது. பேச்சு நடுவில் நின்றுவிடும். எதைச் சொல்ல வந்தோம் என்று தேடுவாள். ஒரு நாள் டிவி ரிமோட்டைக் காதில் வைத்து, ஊரில் யாரிடமோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அதை மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் நான் எழுந்து பால்கனிக்கும் கூடத்துக்கும் நடக்கத் தொடங்கினேன். ஈரல் வடிகட்ட வேண்டியது மூளைக்கு ஏறினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். என் நடையைப் பார்த்து அவளுக்குத் தெளிவு வந்ததோ என்னவோ.

"ஏல, உக்காருல. தல சுத்துது எனக்கு."

உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

இரண்டாவது ஸ்கேனுக்கு மாப்பிள்ளை மாதிரிப் போனேன். பேன்ட் தளர்ந்திருந்தது. எடை கொஞ்சம் இறங்கியிருந்தது. நெய்யைக் கண்ணால் பார்த்தே ஒன்றரை மாதமாகிறது என்று வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் பெருமை பேசினேன். உள்ளே டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொழுப்பு குறையவில்லை. சொல்லப்போனால் ஒரு பிடி கூடியிருக்கிறது என்றார்.

நான் கத்தினேன். அதை மறைக்க முடியாது. அந்த நடைபாதையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. உங்கள் மெஷினைச் சரி பாருங்கள் என்றேன். என் அக்காவுக்கு ரிமோட்டுக்கும் போனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நீங்கள் படம் காட்டுகிறீர்கள் என்றேன். இந்தியில் தொடங்கியது பாதியில் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. காவலாள் வந்தார். டாக்டர் அவரைக் கையமர்த்தி, என்னை மாடியில் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். முதல் தடவை வந்தபோது அந்தப் பெண்மணி விடுப்பில் இருந்ததால் பார்க்கவில்லை.

அவர் நடுவயதுக்காரர், வங்காளி. மேஜையில் ரப்பரில் செய்த சப்பாத்தி, ரப்பர் வாழைப்பழம், ரப்பர் மீன். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் உட்காரமாட்டேன் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார் போல. காலையில் கண் விழித்ததிலிருந்து வாயில் போகிறதையெல்லாம் சொல்லுங்கள் என்றார். நடந்துகொண்டே சொன்னேன். கீழாநெல்லி மோர், தேன், மாதுளைச் சாறு, வெல்லம், குளுக்கோஸ், ரஸ்க், ஆபீஸ் மெஷின் டீ. கரும்புச்சாற்றுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை?"

"ரெண்டு. சில நாள் மூணு."

"யார் சொன்னது?"

"எல்லாரும்," என்றேன். உண்மையிலேயே எல்லாரும்தான்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். காமாலை வேறு, இது வேறு என்று ஆரம்பித்தார். வாந்தியும் குமட்டலுமாக ஒரு வாய் சோறு இறங்காத காமாலைக்காரருக்கு எதையாவது இனிப்பாக ஊற்றித் தெம்பைக் காப்பாற்றினார்கள், அந்தப் பழக்கம் அப்படி வந்தது. நீங்கள் மூன்று வேளை சாப்பிடுகிறவர். உடம்பு செலவழிக்காத சர்க்கரையை ஈரல் சும்மா வைத்துக்கொள்ளாது, கொழுப்பாக மாற்றி அங்கேயே அடுக்கிவிடும். அதிலும் பழச்சாறு, கரும்புச்சாறு, தேன், வெல்லம் இவற்றில் இருக்கிற பழச்சர்க்கரை பெரும்பாலும் ஈரலைத் தேடியே போகிறது. நெய் வெளியிலிருந்து வந்த கொழுப்பு. இது வீட்டிலேயே காய்ச்சியது.

தேன் இயற்கையாச்சே, வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்று வாதாடினேன். ஈரலுக்குச் சர்க்கரையில் ஜாதி பார்க்கத் தெரியாது என்றார். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், ஒன்று தின்றால் போதும் என்று வயிறே சொல்லிவிடும். பிழிந்து குடித்தால் ஐந்து பழம் ஒரே மூச்சில் போகும், வயிற்றுக்குக் கணக்கே தெரியாது.

"அப்ப நெய் சாப்பிடலாமா?" என்றேன். ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டுகிற புத்தி.

கூடாது என்றார். நெய், வெண்ணெய், டால்டா, பேக்கரிச் சாமான், கொழுப்பு நிறைந்த ஆட்டுக்கறி, இவையும் மிஞ்சினால் ஈரலில்தான் போய் உட்காரும். நெய்யை நிறுத்தியதில் தப்பில்லை. தப்பு, எண்ணெயை அடியோடு நிறுத்தியது. ருசியில்லாமல், பசி அடங்காமல், அந்த இடத்தை ரஸ்க்காலும் சோற்றாலும் சாறாலும் நிரப்பியிருக்கிறீர்கள். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கடுகெண்ணெயோ அளவாக ஊற்றிக் காய்கறி சமையுங்கள். பருப்பு, மோர், மீன். சோற்றைப் பாதியாக்குங்கள். கீழாநெல்லி மட்டுமில்லை, எந்தப் பச்சிலையும் வேண்டாம். உறுப்புக் கொடுக்கப் போகிறவர் எங்களுக்குத் தெரியாமல் எதையும் அரைத்துக் குடிக்கக் கூடாது.

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். அக்காவுக்காக என்று நினைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்தது கண்முன் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்வார்கள். இங்கே அந்தக் குரங்கு அக்காவின் உயிரோடு விளையாடியிருக்கிறது. அழுகை வந்தது. அவர் ரப்பர் மீனை நகர்த்தி வைத்துவிட்டு, கண் துடைக்கக் காகிதம் கொடுத்தார். இன்னும் ஒரு மாதம் தருவார்கள், அவ்வளவுதான், நோயாளிக்கு அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றார்.

வெளியே அக்காவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் கத்தியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"மாமா, சுனோ, கேளுங்க. நான் டெஸ்ட் பண்ணிட்டேன். மேட்ச் ஹோ கயா, எல்லாம் ஒத்துப்போகுது. எனக்கு ஃபேட்டும் இல்லை. அம்மாகிட்ட சொல்லாதீங்க, ப்ளீஸ்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அழறார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்க அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்றேன். அம்மா மயக்கமாயிட்டா யார்கிட்ட கேப்பாங்க என்றாள். இருபது வயது நிறைந்த பெண் இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். வேண்டாம், ஒரு மாதம் பொறு, மாமா குறைச்சுக் காட்டுகிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றாள். "நாந்தான ஊத்தி ஊத்திக் குடுத்தேன். மதினிக்கு ஏதும் ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு இருப்பேன்," என்றாள். நீ ஊற்றினாய், குடித்தது நான்தானே என்றேன். பிறகு வாணலியை வைத்து, இரண்டு சிறு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகைப் போட்டாள். அது வெடித்த சத்தத்தில் வீட்டுக்குப் பழைய ஆள் யாரோ திரும்பி வந்ததுபோல் இருந்தது. கீரையையும் பருப்பையும் வயிறு நிறையத் தின்றேன்.

சர்க்கரையை விடுவது நெய்யை விடுவது மாதிரி இல்லை. நெய் ஒரு ஜாடியில் இருக்கும், பரண்மேல் ஏற்றிவிடலாம். சர்க்கரை எங்கே இல்லை? ஆபீஸ் டீ மெஷினில் தூளோடு சேர்ந்தே வருகிறது. தக்காளி சாஸில், தயிர்க் கோப்பையில், சோள அவலில் எல்லாம் ஒளிந்திருக்கிறது. டீக்கடையில் ஃபீக்கி, அதாவது சர்க்கரை போடாதது, என்று கேட்டால் கடைக்காரர் பாவமாகப் பார்த்து, ஷுகரா என்று விசாரிப்பார். பிறந்தநாள் கேக்கை மறுத்தால் சக ஊழியருக்கு வருத்தம். கோயிலில் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தேன். முதல் வாரம் தலைவலி. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ரோட்டில் லூ என்ற அனல் காற்று; அந்த வெயிலிலும் இரண்டு நிலையம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சலங்கைச் சத்தம் கேட்கக் கூடாது என்று காலனிக்குப் பின் கேட் வழியாகப் போனேன்.

ஒரு நாள் நடந்துபோகையில் ஓர் ஆட்டோக்காரர் என்னை உரசிவிட்டார். தப்பு அவர்மேல்தான், ஆனால் கத்தியது நான். அவர் தலையை வெளியே நீட்டி, "சர்பி சட் கயி ஹை க்யா?" என்றார்.

"ஹான் பையா," என்றேன். "ரிப்போர்ட் பி ஹை." ஆமாம் அண்ணே, ரிப்போர்ட்டும் இருக்கிறது.

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு இருவரும் நடுரோட்டில் சிரித்தோம். அந்த மாதத்தில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அதற்குள் அக்கா ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். வயிற்றிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள். எடுத்த தண்ணீர் திரும்பக் கட்டியது. சில நாள் என்னை அடையாளம் தெரியும், சில நாள் அப்பா என்று கூப்பிடுவாள். மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டுப் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தாள். என் வயிற்றைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள். அத்தான் மட்டும் ஒரு தடவை என் தோளைத் தொட்டு, "மாப்ள, முடியலன்னா சொல்லிரு. யாரும் ஒன்னயத் தப்பா நெனைக்க மாட்டோம்," என்றார். அது எனக்கு அடி மாதிரி விழுந்தது. முடியவில்லை என்றால் அறுவை மேஜையில் யார் படுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது ஸ்கேனுக்குப் பெருமையெல்லாம் இல்லாமல் போனேன். மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள், பிடித்தேன். விடு என்ற பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. டாக்டர் மூன்று படங்களையும் பார்த்தார். முன்பு என்மீது காவலாளை ஏவாமல் விட்ட அதே மனிதர். திரும்பி, "சர்பி உதர் கயி," என்றார். கொழுப்பு இறங்கிவிட்டது. தில்லியில் ஒருவனின் திமிரை அடக்கிவிட்டதற்கும் இதையேதான் சொல்வார்கள். முழுக்கப் போகவில்லை, ஆனால் போதும், அறுவைக்கு நாள் குறிக்கலாம் என்றார்.

வார்டுக்கு ஓடினேன். அன்று அக்காவுக்கு நல்ல தெளிவு.

"கொறஞ்சிட்டா?" என்றாள்.

"கொறஞ்சிட்டுக்கா."

கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப எம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பாடுபட்டவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நிமிஷம் அவள் கை நீண்டு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. அப்படியே தூங்கிப்போனாள். சட்டையை விடுவிக்க மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

அறுவையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. மயங்கிக் கிடந்தவனுக்கு என்ன தெரியும்? விழித்தபோது வலித்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே இடத்தில் பல நாள் கிடந்தேன். கொடுத்த ஈரல் எனக்கும் வளரும், அவளுக்கும் வளரும் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவின் கண்ணில் மஞ்சள் இறங்கிக்கொண்டு வருவதாக என் மனைவி தினமும் வந்து சொல்வாள். அது ஒன்றைக் கேட்கத்தான் நான் காத்துக்கிடந்தேன்.

இப்போது தில்லியில் பனிமூட்டக் காலம். அக்கா வீட்டில் இருக்கிறாள், முகம் நிறைந்திருக்கிறது. மாத்திரையும் பசியும் சேர்ந்து எடை கூடியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று பழச்சாற்று டப்பாக்களும் கேரட் அல்வாவும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அத்தானுக்கு யாரையும் மறுத்துப் பேச வராது.

போன வாரம் அக்காவுக்கு வழக்கமான ஸ்கேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். மகள் படித்துச் சொன்னாள். எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் புது ஈரலில் லேசாகக் கொழுப்பு தெரிகிறது, எடையைக் கவனிக்க வேண்டும்.

அத்தான் ரிப்போர்ட்டை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். எல்லாம் முதலிலிருந்தா என்று நினைத்தேன். தழும்புக்குக் கீழே, இல்லாத அந்தத் துண்டு வலிப்பதுபோல் இருந்தது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏல, இது எங் கொழுப்பு இல்ல. என்னத வெட்டி எறிஞ்சிட்டாவ. இது ஒங் கொழுப்பு."

மகள் சிரித்தாள், அத்தான்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷம் முன்னால் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே குடும்பம் இதேபோல் சிரித்தது. கால்கள் தாமாக எழப் பார்த்தன. எங்கே எழுந்து நடந்தால் அவளுக்குத் தலை சுற்றுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோபாவின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். சாறு டப்பாக்களை எடுத்து வாசலில் வைக்கச் சொல்லி மகளுக்குக் கை காட்டினாள். ஸ்வெட்டர்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு கதவருகே போய்ச் செருப்பைத் தேடினாள்.

"எந்திரில," என்றாள். "நடந்துட்டு வருவோம்."